குடியிருக்காதவரின் இடது முழங்கால்

அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை ஒரு துண்டை நனைப்பது. யாரும் குளித்துத் துவட்டிய துண்டு இல்லை. முந்தின நாள் முழுக்கக் காய்ந்து விறைத்துக் கிடக்கும் துண்டைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து, பின்பக்க வராந்தாக் கொடியில் கண்ணில் படும்படி போட வேண்டும். அடுத்து, வாசலில் கிடக்கும் தோல் செருப்பைச் சற்று நகர்த்திப் போட வேண்டும். அப்புறம் சவரம் செய்யும் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்குக் காப்பி.

எழுபதுகளின் கடைசியில் டெல்லி ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம் என்று சொன்னால், "ஓ, கவர்மெண்ட் உத்தியோகமா?" என்பார்கள். இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்ட். குவார்ட்டர்ஸ் இன்னொருவர் பெயரில் அலாட் ஆனது. அவர் எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அப்படி விடக் கூடாது என்பது சட்டம். அரசாங்க வீடுகளைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவார்கள். வந்தால், வீட்டுக்கு உரியவர் அங்கேதான் இருக்கிறார், நாங்கள் அவரோடு தங்கியிருக்கும் சொந்தக்காரர்கள் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான். அதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் நாங்கள் ஐந்து வீடு மாறியிருந்தோம். ஆறாவது தடவை மூட்டை கட்ட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு உரியவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஒரு மினிஸ்ட்ரி ஆபீஸில் கிளார்க். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். கரோல்பாக்கில் விதவை அக்காள் வீட்டில் இருந்தார். சாவி கொடுக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குத் தன்னையே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"எவனாவது வந்து கேட்டாம்னா முழிக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க. நான் அஞ்சரைக்கு எந்திரிப்பேன். காப்பி கெடையாது, டீதான். ராத்திரி மோருஞ்சோறு. செருப்பு ஏழாம் நம்பர்."

என் வீட்டுக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்.

"எளுதாதீரும்வே. காயிதம் ஆம்புட்டுச்சுன்னா வம்பு. மனசுல வையும். ஒரு மனுசனைத் தெரிஞ்சுக்கிடதுக்கு என்ன பெரிய படிப்பு வேண்டிக் கெடக்கு?"

"இருமல் உண்டுமா அண்ணாச்சி?" என்று கதவோரத்திலிருந்து கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கெடையாதும்மா. வேணும்னா வச்சுக்கிடுவோம்."

மூன்று பேரும் சிரித்தோம். அவர் போய்விட்டார். கட்டில், அலமாரியில் இரண்டு சட்டை, செருப்பு, துண்டு எல்லாம் இங்கேயே தங்கிவிட்டன. அதற்கப்புறம் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தரம் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அவரை நடத்துவது என் பொறுப்பு.

நான் மூன்றாவது வரைதான் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவளை வாசிக்கிறவளாக ஆக்கியது டெல்லியின் பகல் பொழுது. காலை எட்டரைக்கு சார்ட்டர்ட் பஸ்கள் வந்து செக்டரிலிருக்கிற ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். ஆறரைக்குக் கொண்டுவந்து கொட்டும். நடுவில் பத்து மணி நேரம். வெயில் காலமானால் பதினோரு மணிக்கே லூ என்கிற அனல்காற்று கிளம்பிவிடும். ஜன்னலையெல்லாம் சாத்தியாக வேண்டும். வரிசை வரிசையாக ஒரே மாதிரி மஞ்சள் கட்டடங்கள், ஒரே மாதிரி பச்சைக் கதவுகள், தெருவில் ஒரு தலை இருக்காது. "பகல்ல நம்ம செக்டரப் பாத்தா, சனங்க எல்லாம் எழுந்து போன கல்யாணப் பந்தி மாதிரில்லா இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். இலையெல்லாம் கிடக்கும், ஆளிருக்காது என்று அர்த்தம். எனக்கு இப்படி மனிதர்கள் வாயிலிருந்து விழுவதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அந்தப் பகல்களில் பேசுவதற்கு ஆள் இல்லாததால் பொறுக்குவதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. பழைய பேப்பர் எடுக்கத் தள்ளுவண்டியோடு வரும் கபாடிவாலா, "மதராசி கித்தாப், பெஹன்ஜி" என்று நீட்டினார். இரண்டு காலி பாட்டிலைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பழுப்பு அட்டை போட்டுத் தைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் செய்ததுதான். பக்கத்தின் மறுபுறம் கூந்தல் தைல விளம்பரமும் பாதி ராசிபலனுமாக இருக்கும். இந்த பைண்டில் கடைசிச் சில வாரங்கள் இல்லை.

எழுதியவர் பெரிதாகப் பேர் எடுத்தவர் இல்லை. அவர் பெயரைச் சொன்னாலும் இப்போது யாருக்கும் தெரியப் போவதில்லை, அதனால் என்னிடமே இருக்கட்டும். அவர் கதைகளில் பேய் என்ற சொல்லே வராது. ஒரு நாற்காலி இருக்கும், அதில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஆனால் தொட்டால் சூடாக இருக்கும். அவ்வளவுதான் செய்வார். அதற்கே எனக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊரும். இந்தக் கதையில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு வீடு. அதன் பின்னறையில் ஒரு மனிதர். ஆற்றுப் படியில் வழுக்கி இடது முழங்கால் போனவர். வெளியே வருவதே இல்லை. வீட்டில் ஒரு பெண் அவருக்கு எல்லாம் செய்கிறாள். வெந்நீர் வைக்கிறாள், மோரில் இஞ்சி தட்டிப் போடுகிறாள், படுக்கை தட்டுகிறாள். அந்த மனிதர் பேசுவதை எழுத்தாளர் ஒரு தரம்கூட எழுதவில்லை. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே நமக்குத் தெரியாது. அந்தப் பெண்ணும் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வதில்லை.

நான் என்ன சொல்ல? அந்தப் பெண் செய்ததையெல்லாம் நான் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

அதை நாலு தரம் படித்திருப்பேன். அப்புறம் துண்டு நனைக்கும்போது நான் தனியாக இல்லை. அந்தப் பெண்ணும் என்கூட நின்று பிழிவதுபோல இருக்கும். தினம் காலையில் அண்ணாச்சி கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவேன். மத்தியானம் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். பழைய கயிற்றுக் கட்டில், வெயிலில் கயிறு தொய்யும் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அந்தக் குழியைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு நாளும் துணிந்ததில்லை. சூடாக இருந்தால் என்ன செய்வது? ஒரு நாள் மோர் கடைந்தபோது என்னையறியாமல் இஞ்சி தட்டிப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு இஞ்சி ஆகாதுன்னு தெரியாதா? யாருக்குப் போட்ட?" என்றார்.

சோதனை ஒரு அரசாங்க விடுமுறை நாளில் வந்தது. விடுமுறையன்று வந்தால் ஆள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு லீவு இல்லை. காலை பதினோரு மணி. ரெஜிஸ்டரோடு ஒருவர் படியில் நின்றார். கட்டடம் முழுக்க ஆண்கள் வீட்டில் இருந்ததால் எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. மேல் வீட்டு மாமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி கும்பகோணத்துக்காரி. மாமா தன் பெயரிலேயே வீடு அலாட் ஆன உண்மையான அலாட்டி, செக்‌ஷன் ஆபீசர், சட்டம் ஒழுங்கு என்றால் உயிரை விடுகிறவர்.

"அலாட்டி சாஹப் கஹான் ஹை?" என்றார் வந்தவர், வீட்டுக்கு உரியவர் எங்கே என்று.

இவ்வளவு நாளாகப் பாடம் செய்த அஞ்சரை மணியும் டீயும் ஏழாம் நம்பரும் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது அந்தப் பின்னறை மனிதர்தான்.

"குட்னா கராப்," என்றேன், என் முழங்காலைத் தொட்டுக் காட்டி. "தவாயி லகானே கயா." முழங்கால் சரியில்லை, மருந்துக் கட்டுப் போடப் போயிருக்கிறார்.

"கோன்ஸா?" எந்தக் கால் என்று கேட்கிறார்! நான் இடதைத் தட்டினேன்.

அவர் உள்ளே வந்து ஈரத் துண்டைப் பார்த்தார். பிரஷ்ஷைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்து நின்றார். "அபி அபி உட்டே ஹை," என்றார். இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று. நான் காலையில் சுருக்கம் எடுத்த விரிப்பு. என் கண் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். வீட்டில் அலாட்டி குடியிருக்கிறார். கூடச் சொந்தக்காரத் தம்பி ஒருவர். பேனாவை மூடிவிட்டு, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் மாமி இறங்கி வந்தாள். "நான் கேக்கலைடிம்மா, காதுல விழுந்தது" என்று ஆரம்பிப்பது மாமியின் வழக்கம். "உங்க அண்ணாவுக்கு முழங்கால் வலியாமே? நானும் இத்தனை நாளா மனுஷர் கண்லயே படலையேன்னு நெனைச்சுண்டிருந்தேன்."

"ஆமா மாமி. அதான் வெளிய அவ்வளவா வர மாட்டாங்க."

"எப்படி ஆச்சு?"

"ஊர்ல ஆத்துப் படியில வழுக்கிட்டாங்க மாமி."

மாமியின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. "அச்சா," என்றாள். வேறொன்றும் கேட்காமல் மேலே போய்விட்டாள்.

பயந்து சொன்ன பொய்தான். ஆனால் சொன்ன பிறகு ருசித்தது, அதை மறைப்பானேன்? அடுத்த மூன்று மாசம் மாமியும் பால் பூத்தில் நிற்கும் மற்றப் பெண்களும் கேட்கக் கேட்க, நான் பின்னறை மனிதரிடமிருந்து எடுத்து எடுத்து அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். வெந்நீர் ஒத்தடம், இஞ்சி மோர், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுப்பது. அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த அண்ணாச்சி வெறும் குச்சி. என் எழுத்தாளர் கொடுத்ததால் அவருக்குச் சதை பிடித்தது. இரண்டு பெண்கள் அவர் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகவே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அந்த நேரம் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு.

அப்புறம் அண்ணாச்சி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து, இடது காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

"என்ன அண்ணாச்சி கால்ல?"

"என்னைக் கேக்கியா?" என்று சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். "ஆபீஸ்ல உங்க செக்டர்க்காரன் ஒருத்தன் கேட்டான், முழங்கால் எப்பிடி இருக்கு சார்னு. நல்லாத்தானல இருக்குன்னேன். மறுநாள் பஸ் ஸ்டாப்புல இன்னொருத்தன். பெறவு யாரோ ஒரு அம்மா தைலம் குடுத்து விட்டிருக்கா. நானும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். ஒரு நாள் ஆபீஸ் மாடி ஏறுதேன், இந்தா, இந்த எடத்துல யாரோ கிள்ளுன மாதிரி இருந்துது. அன்னைல இருந்து இப்பிடித்தான்."

தொட்டுக் காட்டிய இடம், சோதனைக்கு வந்தவரிடம் நான் தட்டிக் காட்டிய அதே இடம்.

"நீதான் சொன்னியாமே? சரியாத்தான் சொல்லியிருக்க."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். "வேண்டாம்மா. நாலஞ்சு நாளா பசிக்கவே மாட்டேங்கு," என்றார்.

அவர் போனதும் பைண்டை எடுத்தேன். முழங்கால் வலி முற்றிய பிறகு பின்னறைக்குப் போன தட்டு அப்படியே திரும்பி வருகிறது, மூன்று வாரம். அதற்கடுத்த வாரம் வைத்தியர் வருகிறார். கதவு தட்டும் சத்தம் கேட்டு அந்தப் பெண் தாழ்ப்பாளை எடுக்கப் போகிறாள். அத்தோடு பக்கம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இல்லை.

"அவருக்கு என்ன ஆகும்னு தெரியலையே," என்றேன்.

"யாருக்கு?"

"பின்னறையில இருக்கவருக்கு."

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "கதையப் படிச்சோமா, மூடி வச்சோமான்னு இருக்கணும். நீ அதுல குடியேறிட்ட. இது ஏழாவது வீடு நமக்கு." நல்ல வாக்கியம்தான். வேறு நாளாயிருந்தால் பொறுக்கி வைத்திருப்பேன்.

பத்து நாளில் செய்தி வந்தது. அண்ணாச்சி படுத்த படுக்கையாக இருக்கிறாராம். கஞ்சிகூட இறங்கவில்லையாம். கரோல்பாக் வீட்டுக்கே டாக்டர் வந்து பார்த்தாராம். என்ன வியாதி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். வைத்தியர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றதும் பைண்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். நான் எழுதப் படிக்கத் தெரியாத காட்டுப் பெண் இல்லை. கதை வேறு மனிதர் வேறு என்று தெரியும். ஆனால் இடது முழங்காலை அவருக்குக் கொடுத்தது நான். அது அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சக் கதையும் அதன் பின்னாலேயே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது என்ன என்று தெரிந்தால் எங்கேயாவது நிறுத்தலாம். தெரியாமல் எதை நிறுத்துவது?

கபாடிவாலா வந்தபோது வண்டியை நிறுத்தி, சாக்குகளை அவிழ்க்கச் சொன்னேன். தெருவோரம் குந்தி அத்தனை பேப்பரையும் புரட்டினேன். தமிழ் ஒரு காகிதம் இல்லை. "அந்த மதராசி கித்தாப் எந்த வீட்டில் எடுத்தது, பையா?" என்று என் ஓட்டை ஹிந்தியில் கேட்டேன். அவர் நிமிர்ந்து விரலை மேலே காட்டினார். எங்கள் கட்டடத்தின் மேல் வீடு.

மாமியின் புத்தகம். மூன்று மாசமாக மாமிக்கு அவள் தைத்த புத்தகத்தையே என் அண்ணன் கதை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். 'அச்சா' என்று அவள் முகம் நின்றது ஏன் என்று இப்போது தெரிந்தது. அவள் சந்தேகப்பட்டிருப்பாள். இதுவரை மாமாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானே போய்க் கேட்டால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும். கீழ் வீட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று என் வாயாலே சொன்னதாகிவிடும். மாமா ஒரு கடுதாசி எழுதினால் போதும்.

"போய்க் கேட்டியோ, நாளைக்கே நடுத்தெருதான்," என்றார் என் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மேலே போனேன். ஒரு உயிரைப் பணயம் வைத்து ஒரு வீட்டைப் பிடித்துத் தொங்க என்னால் முடியவில்லை. வெளியே அனல்காற்று ஜன்னல் சட்டங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. மாமி இருட்டறையில் தரையில் உட்கார்ந்து, மாவுமில்லுக்குக் கொடுக்கக் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பைண்டை அவள் முன்னால் வைத்தேன்.

"மாமி, கீழ எங்க அண்ணன்னு யாரும் இல்ல. இருந்ததே இல்ல."

"தெரியுமே," என்றாள் மாமி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆத்துப் படியில வழுக்கினப்பவே தெரியும். இஞ்சி மோர் வந்தப்போ சிரிப்பை அடக்கிண்டு நின்னேன். அவர்ட்ட சொல்லுவேன்னு பயந்தியோ? பைத்தியம். அவர் ஆபீஸ் போனப்பறம் இந்தக் கட்டடத்துல எனக்குன்னு பேச இருக்கறது நீ ஒருத்தி. உன்னையும் அனுப்பிச்சுட்டு நான் யாரோட பேசறது, செவுத்தோடயா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வீட்டுக்காக வரல மாமி. அந்த அண்ணாச்சி நெசமாவே படுத்துட்டாங்க. கடைசியில அந்த மனுசனுக்கு என்ன ஆகுது? செத்துப்போறாரா?"

மாமி புடைப்பதை நிறுத்தினாள். "கடைசி நாலு வாரத்தை நான்தான் கிழிச்சேன். அடுப்புல போட்டேன். ஆத்துல வச்சுக்கப் பிடிக்கலை. அப்பறம் மிச்சமும் வேண்டாம்னு கபாடிக்குப் போட்டேன்."

"ஏன்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலைடி. வைத்தியர் உள்ள போறார். படுத்திருந்தவர் எழுந்து உக்காந்துக்கறார், நடக்கறார், கூடத்துக்கு வரார். ஆத்து மனுஷா எல்லாரும் ஓடி வரா. அவர் சொல்றார், நீங்கள்லாம் என்னை மறந்தாலும் அந்தப் பொண்ணு நன்னாப் பாத்துண்டாளே, அவளைக் கூப்பிடுங்கோன்னு. எந்தப் பொண்ணுன்னு கேக்கறா." மாமி ஒரு கோதுமையை எடுத்து விரலில் உருட்டினாள். "அப்படி ஒருத்தி அந்த ஆத்துல இல்லவே இல்லைன்னுடறா. யாரும் அவளைப் பாத்ததே இல்லை."

ஜன்னல் சட்டம் படபடவென்று அடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"காத்தால எட்டரைக்கு அவர் போயிடறார்," என்றாள் மாமி. "சாயங்காலம் வரைக்கும் நான் வெந்நீர் வைக்கறேன், துணி மடிக்கறேன், படுக்கை தட்டறேன். இதைப் படிச்சுட்டு நான் எப்படி இருப்பேன் சொல்லு? அதான் கிழிச்சேன்."

நான் கீழே வந்து நேரே கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் நான் இருந்தேன்.

அடுத்த ஒரு வாரம் நானும் மாமியும் பால் பூத்தில், காய்கறி வண்டியில், பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னோம். முழங்கால் சரியாகிவிட்டது, நன்றாக நடக்கிறார், மூன்று வேளையும் சாப்பிடுகிறார். மாமி என்னைவிடச் சாமர்த்தியசாலி. அவர் படியிறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்ததாகவே சொன்னாள். கேட்டவர்களின் வீட்டு ஆண்கள் போய் அண்ணாச்சி ஆபீஸில் சொல்லி, ஆபீஸில் உள்ளவர்கள் பார்க்கப் போய், "கால் குணமாகிவிட்டதாமே" என்று கட்டிலோரம் நின்று கேட்டிருக்கிறார்கள். பதினைந்தாம் நாள் அண்ணாச்சி டிபன் டப்பாவோடு ஆபீஸ் போனார்.

கதையில் உள்ளபடியே ஆனது. அதில்தான் எனக்கு நிம்மதி பாதியாகப் போய்விட்டது.

அந்த மாசக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்தார். இரண்டு இரண்டு படியாக ஏறினார். எஸ்டேட் ஆபீஸிலிருந்து படிவம் ஒன்று வந்திருந்தது. அலாட்டியோடு அந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஃபவுண்டன் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூலர் இரைந்துகொண்டிருந்தது. நான் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தேன். இருவரும் எடுத்துக் குடித்தார்கள்.

"வீட்ட நல்லா வச்சிருக்கீரு. ஆள் பொழங்குத வீடு மாதிரியே இருக்கு," என்றார் அண்ணாச்சி. "எம் பேரு ஆச்சு. தம்பின்னு உம்ம பேரையும் போட்டாச்சு. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி," என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணாச்சி காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

"எம் பேரு?" என்றேன் அடுப்படி வாசலில் இருந்து.

கூலர் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. இருவரும் திரும்பவில்லை. என் உடம்பெல்லாம் சில்லிட்டது. வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில். இன்னொரு தரம் கேட்க வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. மூன்றாவது தரம் கத்தியே விட்டேன்.

"எம் பேரையும் எழுதுங்க!"

அண்ணாச்சி தலையைத் தூக்கினார். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து, "யாரு?" என்றார்.

நான் நடந்துபோய் ஸ்டூலை நகர்த்திவிட்டு, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மடித்த காகிதத்தைப் பிடுங்கி விரித்து, அவர் மடியிலிருந்த அட்டைமேல் திரும்ப வைத்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்னம்மா, எழுதிட்டாப் போச்சு," என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் திகைத்து. பேனாவை வைத்தவர் நிறுத்தினார். "ஒம் பேரு என்னது?"

அவருடைய சட்டையைத் துவைத்து, அவருடைய படுக்கையைத் தட்டத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதினார். இங்கிலீஷில் எழுதினார். நான் குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றும் அதில் இல்லை.

"இதுதானா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அதேதான்," என்றார். நான் அவரை இரண்டாம் தரமும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.